உதைக்காத துப்பாக்கி

ஒன்டனாகன், வட மிச்சிகன்
12 செப்டம்பர் 1978

அன்புள்ள ரெய்னோ அண்ணனுக்கு,

நான் சுகம். நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்தான் சுகமில்லை, மேடு ஏறும்போது இருமுகிறது. மார்த்தா அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

முதலில் நன்றி. உங்கள் மான்வேட்டை முகாமில் எனக்கும் ஒரு படுக்கை கொடுக்க வேண்டும் என்று நீ வெய்க்கோவிடமும் மற்றவர்களிடமும் வாதாடியதை அண்ணி சொன்னாள். இருபது வருஷமாக ஒவ்வொரு நவம்பரும் உங்கள் ஆறு பேருக்கும் கறியும் கிழங்கும் மாவில் பொதிந்து பேஸ்டி சுட்டு டப்பா டப்பாவாகக் கட்டி அனுப்புகிறேன். நீங்கள் கொண்டுவருகிற மானை வெட்டி, காகிதத்தில் சுற்றி, எழுதி ஒட்டியதும் நான்தான். நாற்பத்தொரு வயதில் ஒரு தடவை நானே போய்ச் சுட வேண்டும் என்று கேட்டதற்கு வாக்கெடுப்பு! சரி, போகட்டும். ஜெயித்தோம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். முகாமில் எல்லாரும் 30-06 துப்பாக்கிதான் வைத்திருக்க வேண்டும், வேறு அளவுத் தோட்டா உள்ளே வரக்கூடாது என்று வெய்க்கோ சொன்னாராமே? அது என்ன சட்டம்? சட்டமன்றம் எப்போது கூடியது?

போன வாரம் என்கூட பஸ் ஓட்டும் டோரிஸ் அவள் வீட்டுக்காரரின் துப்பாக்கிகளை எடுத்து வந்தாள். ஜல்லிக்குழியில் போய் மூன்றையும் சுட்டுப் பார்த்தேன். 30-06 தோளில் கழுதை மாதிரி உதைத்தது. அதைவிட மோசம், தோளில் முட்டுகிற அதன் மரக்கட்டை எனக்கு நீளம். கன்னத்தை அதில் பதிக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது. நான்காவது குண்டுக்குள் விசையை அழுத்துவதற்கு முன்பே உடம்பு சுருங்கிக்கொள்கிறது. 308 கொஞ்சம் தேவலை. மூன்றிலும் சின்ன தோட்டா போடும் 243 எடுத்தேன் பார், அது என் தோளுக்கென்றே செய்தது போல் இருந்தது. பத்துக் குண்டு, பத்தும் ஒரு சாஸருக்குள். மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் பட்டால் அந்தக் குண்டே போதும். படாவிட்டால் பீரங்கியே வைத்துச் சுட்டாலும் பிரயோசனமில்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

243 வாங்குகிறேன். வெய்க்கோவிடம் சொல்லிவிடு.

உன் தங்கை,
லெம்பி


இஷ்பெமிங்
20 செப்டம்பர் 1978

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எழுதினபடியே முழுசாகப் படித்தேன். மார்த்தாவும் படித்தாள். "உங்க தங்கச்சிக்கு வக்கீல் வேலைதான் பொருத்தம், பஸ்ல ஏன் கஷ்டப்படுது?" என்றாள். அவள் முட்டி அப்படியேதான் இருக்கிறது. சுரங்கத்தில் எனக்கு இந்த மாதம் பகல் வேலை.

வெய்க்கோவிடம் 243 என்று சொன்னேன். சொன்ன இடத்தில் எங்கள் முகாம் யால்மரும் இருந்தான், அது என் கெட்ட நேரம். "ஏன்டா ரெய்னோ, அதோட ஊசியும் நூலும் சேத்துக் குடுப்பாங்களா? மான் செத்துப்போச்சுன்னா அப்படியே தைச்சுக்கலாமே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன செய்ய?

சட்டம் சும்மா வந்ததில்லை, லெம்பி. ஐம்பத்தொன்றில் பனிப்புயலில் மாட்டியபோது ஒருத்தன் தோட்டா தீர்ந்து இன்னொருத்தனிடம் கேட்டான். அவனுடையது வேறு அளவு. அன்றைக்கு வெய்க்கோவின் அப்பா போட்ட விதி இது, எல்லாரும் ஒரே அளவு. அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் கடன் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

நான் சொல்வதைக் கேள். எனக்கு வேண்டி வைத்திருக்கும் இரண்டாவது 30-06ஐ உனக்குத் தருகிறேன். நீ கடைத் தோட்டா வாங்க வேண்டாம். கீழ் அறையில் நானே மருந்து போட்டு அடைக்கும் தோட்டாக்களைத் தருகிறேன். உனக்காக ஐந்து ஆண்பிள்ளைகள் முன் நின்று பேசியிருக்கிறேன். முகத்தைக் காப்பாற்று. ஒரே ஒரு வருஷம் அவர்கள் இஷ்டப்படி வந்துவிடு, அப்புறம் நீ கவண்கல்லோடு வந்தாலும் எவனும் வாய் திறக்க மாட்டான்.

பேஸ்டியில் இந்த வருஷம் டர்னிப் கிழங்கு கொஞ்சம் கூடுதலாகப் போடு.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஒன்டனாகன்
2 அக்டோபர் 1978

அண்ணனுக்கு,

டர்னிப்பா? நான் முகாமில் வேட்டைக்காரியாக இருப்பேன் என்று நினைத்தேன். பேஸ்டியும் நான்தானா? இந்த வருஷம் உங்களில் ஒருத்தர் மாவு பிசையட்டும். யால்மருக்குத்தான் ஊசி நூல் எல்லாம் தெரிகிறதே, அவரே செய்யலாம்.

மூன்று நாள் யோசித்தேன். டோரிஸ் "போகாத, விட்டுத் தள்ளு" என்கிறாள். எனக்கு விட மனசில்லை. அந்த மேட்டையும் அந்த ஓடையையும் உன் வாயாலேயே இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடம் லீவு, ஊரே காட்டில் இருக்கும். நான் மட்டும் காலி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டுமா?

வருகிறேன். உன் 30-06ஓடு வருகிறேன். எனக்கு ஒப்பவில்லை. ஒத்துக்கொண்டதற்கும் ஒப்பியதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை நீ மறக்காமல் இருந்தால் போதும். கட்டையை ஒரு அங்குலம் அறுத்துக் கொடு. ஆறு பேரில் ஒருத்தரும் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி "இப்படிப் பிடிம்மா" என்று காட்டக் கூடாது. இந்த இரண்டும் நடந்தால் வருவேன்.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை பயிற்சிக்கு வருகிறேன்.

லெம்பி


இஷ்பெமிங்
24 அக்டோபர் 1978

அன்புத் தங்கச்சிக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நீ போனதிலிருந்து மார்த்தா உன் புராணம்தான். எனக்கும் பெருமையாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். சுட்டுவிட்டு நீ திரும்பி "இது உதைக்கவே இல்லையே அண்ணா!" என்றாயே, அப்போது உன் முகத்தை ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும். கழுதை, கோவேறு கழுதை என்று என்னவெல்லாம் எழுதினாய்! கட்டையை அறுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது பார். துப்பாக்கியில் குற்றமில்லை, பிடிக்கிற விதத்தில்தான் எல்லாம்.

ஐம்பது கஜத்தில் நீ சுட்ட காகிதத்தை வெய்க்கோவிடம் காட்டினேன். "பரவால்லியே, 30-06லயா?" என்றார். நூறு கஜத்தில் ஏன் சுட விடவில்லை என்று கேட்டிருந்தாய். நம் காடு அடர்த்தி, அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. குறி வைப்பதெல்லாம் நீ வருவதற்கு முந்தின ஞாயிறே நான் நூறு கஜத்துக்குச் சரிபார்த்துவிட்டேன். நீ அதைத் தொடாதே.

உனக்கென்று அடைத்த தோட்டாப் பெட்டியை உன் பையில் வைத்திருக்கிறேன். அதையே பயன்படுத்து, வேறெதுவும் வாங்காதே.

ரெய்னோ


ஒன்டனாகன்
20 நவம்பர் 1978

அண்ணனுக்கு,

பதினேழாம் தேதி சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். இரு. எனக்கும் கோபம்தான். யார் கோபம் பெரிது என்று பார்க்கலாம்.

முதல் நாள் காலை நடந்ததை நீங்கள் யாரும் என் வாயால் கேட்கவில்லை. நான் பரணிலிருந்து இறங்கி வருவதற்குள் உங்கள் ஆறு பேருக்கும் கதை முடிந்திருந்தது. இப்போது கேள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் கொம்பு மான் ஒன்று வந்து நின்றது. நீ தெரியாது என்று சொன்ன தூரத்தில்தான், மரம் வெட்டிய திறப்பு அது, நன்றாகவே தெரிந்தது. நூற்றைம்பது கஜம் இருக்கும். நெஞ்சில் குறி வைத்தேன். மூச்சை விட்டேன். பதறவில்லை. அழுத்தினேன். மான் விழுந்தது, எழுந்தது, முன்னங்கால் ஒன்றின் கீழ்ப்பாதி கயிறு மாதிரி ஆட மூன்று காலில் ஓடியது. அது போட்ட சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு சதுப்புக்குள் போனேன். இடுப்பளவு விழுந்து கிடக்கும் மரங்கள், கீழே கறுப்புத் தண்ணீர். மத்தியானம் முகாமுக்கு வந்து ஆள் கேட்டேன். வெய்க்கோ சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "கால்ல பட்ட மான் உனக்காக நிக்காதும்மா, காலைல பாக்கலாம்" என்றார். நீ மட்டும் ஒரு மணி நேரம் கூட வந்தாய். அதற்கு நன்றி. அப்புறம் நீயும் கடிகாரத்தைப் பார்த்தாய். சாயங்காலம் பனி கொட்டி ரத்தத்தையெல்லாம் மூடிவிட்டது.

நான் நனைந்து நடுங்கி உள்ளே வருகிறேன். யால்மர் கத்தரிக்கோலோடு நிற்கிறான். சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைப் பின்முனையை வெட்டிச் சுவரில் அடிப்பது உங்கள் வழக்கம், தெரியும். தவறவிட்டிருந்தால் நானே திரும்பி நின்றிருப்பேன், சிரித்துக்கொண்டே. ஆனால் அது தவறவிட்டது இல்லை அண்ணா! ஒரு உயிர் அந்தச் சதுப்பில் மூன்று காலோடு கிடந்தது. அந்த நேரத்தில் சிரிப்பா?

"ஏம்மா, சுடறப்போ கண்ணை இறுக்கி மூடிட்டியா? பட்டாசுன்னு நெனச்சியா?" என்றான் யால்மர். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பொம்பளப்புள்ளதானே, பழகிடுவா விடு" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய். யால்மர் என் சட்டை முனையை வெட்டிச் சுவரில் அடித்தான்.

வீட்டுக்கு வந்து மூன்று இரவாகத் தூக்கமில்லை. ஒருவேளை நான் கண்ணை மூடித்தான் விட்டேனோ? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மானைவிட இது என்னை அதிகமாகத் தின்கிறது. துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது. இப்போது அதைத் தொடவே பிடிக்கவில்லை.

லெம்பி


இஷ்பெமிங்
28 நவம்பர் 1978

அன்புத் தங்கச்சி,

போன வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் விருந்துக்கு நீ வராதது மார்த்தாவுக்கு ரொம்ப வருத்தம். உன் தட்டை வைத்துவிட்டு எடுத்தாள்.

எல்லாருக்கும் முதல் வருஷம் இப்படித்தான். சுவரில் என் துணி இரண்டு இருக்கிறது, வெய்க்கோவுடையது நாலு. மான் ஓடுவது வேட்டையில் உண்டு. அதற்காக இத்தனை மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீ கண்ணை மூடினாயா என்று என்னைக் கேட்கிறாய், நான் அங்கே இல்லையே. கொஞ்சம் பதறியிருப்பாய். தப்பில்லை.

அடுத்த வருஷம் பக்கத்துப் பரணில் நானே உட்காருகிறேன். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வை. மிச்சத் தோட்டாக்களைத் திருப்பிக் கொடுத்துவிடு, ஈரத்தில் கெட்டுப்போகும்.

ரெய்னோ


ஒன்டனாகன்
7 ஜனவரி 1979

ரெய்னோ,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

கண்ணை மூடுகிறேனா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் கிறிஸ்துமஸ் லீவில் டோரிஸைக் கூட்டிக்கொண்டு ஜல்லிக்குழிக்குப் போனேன். அவள் எனக்குக் காட்டாமல் சில தடவை தோட்டா போடுவாள், சில தடவை காலியாக மூடித் தருவாள். பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்ப்பாள். காலியாக இருந்தபோது விசை சொடக்கென்றது, குழல் அசையவில்லை. "கண்ணு கல்லு மாதிரி தெறந்திருக்குடி" என்றாள் டோரிஸ். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சரி, கண் திறந்திருக்கிறது, கை ஆடவில்லை. அப்படியானால் குண்டு ஏன் காலுக்குப் போனது?

கடையில் ஒரு பெட்டி 30-06 தோட்டா வாங்கினேன். நீ வாங்காதே என்று சொன்னாயே, அதையேதான். முதல் குண்டு தோளைப் பெயர்த்துவிட்டது. அன்றைக்குத்தான் இந்தத் துப்பாக்கிக்கு உதைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. நூற்றைம்பது கஜத்தில் காகிதம் வைத்து கடைத் தோட்டா மூன்று சுட்டேன், மூன்றும் வட்டத்துக்குள். உன் தோட்டா மூன்று சுட்டேன். மூன்றும் ஒரு சாண் கீழே. மறுபடி கடைத் தோட்டா, வட்டத்துக்குள். மறுபடி உன்னுடையது, ஒரு சாண் கீழே. நெஞ்சுக்கு வைத்த குறியிலிருந்து ஒரு சாண் கீழே என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ மருந்தைக் குறைத்து அடைத்திருக்கிறாய்.

எனக்குச் சொல்லாமல்! குறியைக் கனத் தோட்டாவுக்கு வைத்துவிட்டு, பையில் மெலிந்த தோட்டாவை வைத்து அனுப்பியிருக்கிறாய். அதனால்தான் ஐம்பது கஜத்துக்கு மேல் சுட விடவில்லை. அதனால்தான் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டாய். எழுதியிருந்தாயே, "துப்பாக்கியில் குற்றமில்லை, பிடிக்கிற விதத்தில்தான்" என்று. எப்படி எழுத மனசு வந்தது உனக்கு?

மெலிந்த தோட்டாதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிட்டே வரும்வரை காத்திருப்பேனே. இல்லையென்றால் குறியை மாற்றியிருப்பேன். நான் கேட்ட 243ஐ விட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஊரைக் கூட்டி 30-06 என்றாய், உள்ளே அதைவிடச் சோப்ளாங்கியான ஒன்றை அடைத்துக் கொடுத்தாய். இப்போது என் தோள் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. இருக்கட்டும், அது என் தோள். தாங்குமா தாங்காதா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த மான் சாக எத்தனை நாள் ஆகியிருக்கும்?

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். முகாமுக்குப் போ. ஐந்து பேரையும் உட்கார வைத்துச் சொல்: லெம்பி கண்ணை மூடவில்லை, தோட்டா என்னுடையது, தப்பு என்னுடையது. அதைச் சொல்லும் வரை நமக்குள் பேச்சில்லை.

லெம்பி


இஷ்பெமிங்
19 ஜனவரி 1979

லெம்பி,

ஆமாம். குறைத்தேன். போதுமா?

எதற்குக் குறைத்தேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? நீதானே எழுதினாய், உதைக்கிறது, உடம்பு சுருங்குகிறது என்று? சுருங்கிச் சுருங்கி நீ அத்தனை பேர் முன்னால் தோற்றுப்போகக் கூடாது என்றுதானே ராத்திரி வேலை முடித்து வந்து தராசில் ஒவ்வொன்றாக அளந்து அடைத்தேன்? என் தங்கச்சி 30-06 சுடுவாள் என்று தலைநிமிர்ந்து சொல்லணும் எனக்கு. அது குற்றமா?

குறியை மெலிந்த தோட்டாவுக்கே மாற்றுவதாகத்தான் இருந்தேன். அந்த ஞாயிறு பார்த்து வெய்க்கோவும் யால்மரும் நான் சுட்டுப் பார்க்கும் குழிக்கு வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் முன்னால் கனத் தோட்டா போட்டுத்தானே சுட முடியும்? மறுபடி மாற்ற நேரம் அமையவில்லை. ஐம்பது கஜத்தில் நீ நன்றாகத்தானே சுட்டாய், போதும் என்று விட்டேன். நூற்றைம்பதில் சுடுவாய் என்று யார் கண்டது?

இருபத்தாறு வருஷம் அந்தப் படுக்கையில் படுத்திருக்கிறேன். உனக்காக அவர்களோடு முதல்முதலாகச் சண்டை போட்டேன். அதெல்லாம் உன் கணக்கில் வரவில்லை. ஒரு மான்! வருஷா வருஷம் இந்த மாநிலத்தில் எத்தனை மான் அடிபட்டு ஓடுகிறது தெரியுமா? அதற்காக அவர்கள் முன்னால் போய் நான் கைகட்டி நிற்க வேண்டுமா? முடியாது.

ரெய்னோ


ஒன்டனாகன்
26 ஜனவரி 1979

ரெய்னோ அண்ணனுக்கு,

யாருக்குத் தெரியக்கூடாது என்று செய்தாய் என்பதை உன் கடிதத்தில் நீயே எழுதிவிட்டாய். எனக்காக இல்லை, யால்மருக்காக.

துப்பாக்கியை டோரிஸின் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருவார். உன் தோட்டாக்களை நான் தரமாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

லெம்பி


இஷ்பெமிங்
18 ஜூன் 1979

அன்புள்ள லெம்பிக்கு,

பதில் வருமோ வராதோ தெரியவில்லை. எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை முகாமின் கூரையைச் சரிசெய்ய எல்லாரும் கூடினோம். ஏப்ரல் முழுக்க, பனி கரைந்ததிலிருந்து, ஞாயிறு ஞாயிறாக நான் அந்தச் சதுப்பில் நடந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. நடக்க நடக்க மனசு கேட்கவில்லை. அதனால் கூரை வேலை முடிந்து எல்லாரும் பீரோடு உட்கார்ந்தபோது எழுந்து நின்று சொன்னேன். நீ எழுதின வார்த்தைகளையே சொன்னேன், லெம்பி. கண்ணை மூடவில்லை, தோட்டா என்னுடையது, தப்பு என்னுடையது.

என் சட்டையை வெட்டுவார்கள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான், பழைய சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. யால்மர் தொடையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி, பாப்பாவுக்குப் பால்ல தண்ணி ஊத்திக் குடுத்தியா! அதான பாத்தேன், அந்தப் பொம்பளையாவது 30-06 சுடுறதாவது!" என்றான். வெய்க்கோ, "தோட்டா யாருதா இருந்தா என்ன, விசையை அழுத்தினது அவதானே? துணி அவ பேர்லயே கெடக்கட்டும்" என்றார். இன்னொருத்தன் பென்சிலை எடுத்துக்கொண்டு போய் உன் துணியின் மேல் 'பால் தோட்டா' என்று எழுதினான். நான் உண்மையைச் சொன்னதால் உன் பெயர் அங்கே இன்னும் கெட்டது. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது! "மானைச் சாகவிட்டது நான்டா! சிரிக்கறதா இருந்தா என்னைப் பாத்துச் சிரிங்கடா!" என்று கத்தினேன். யால்மரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஏன்டா, ஒரு சின்ன தமாஷுக்கு இப்படிக் குதிக்கற? போன நவம்பர்ல நீயும்தானே எங்களோட சேந்து சிரிச்ச?" என்றான். பிடித்த கை தானாக விட்டுவிட்டது. அவன் சொன்னது நிஜம்.

உன் துணியைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தேன். என் படுக்கையைச் சுருட்டினேன், என் காப்பிக் குவளையை எடுத்தேன், வண்டியில் போட்டேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தையாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மார்த்தா கதவைத் திறந்து படுக்கையைப் பார்த்தாள், உள்ளே போய்க் காப்பி போட்டாள்.

இப்போது எனக்கு வேட்டைக்கு இடமில்லை. அப்பா உன் பேரில் எழுதின நாற்பது ஏக்கரில் இந்த நவம்பர் நீ உட்காரப் போவதாக மார்த்தா சொன்னாள். உனக்கு அவள் எழுதுகிறாள், எனக்குத் தெரியும். அங்கே ஒரு ஓரத்தில், உன் பரண் கண்ணுக்கே படாத ஒரு மரத்தடி எனக்குத் தருவாயா? கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

வரச் சொன்னால் எந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரட்டும்? உன் இடத்தில் 30-06 கூடாது என்றால் கூடாதுதான். 308 இரவல் கிடைக்கும். 243 என்றால் அதையும் வாங்கிவிடுகிறேன், எவன் என்ன சொன்னாலும் சரி. நீ சொல்கிற அளவு எதுவோ அதோடு வருகிறேன்.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஒன்டனாகன்
2 ஜூலை 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை பஸ் கொட்டகையில் வைத்துப் படித்தேன். 'பால் தோட்டா' என்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்துவிட்டேன், ஹாரன் அலறியது. டோரிஸ் ஓடி வந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். யால்மரைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைச் சொல்லச் சொன்னேன். நீ சொன்னாயே, எனக்கு அது வேண்டியிருந்தது. துணியை என்ன செய்தாய் என்று எழுதவில்லை. எனக்கு அனுப்பாதே.

243 வாங்கிவிட்டேன். கட்டையை என் கைக்கு அறுத்து, குறியை நானே வைத்தேன். நூறு கஜத்துக்கு மேல் நிற்கும் எதையும் சுடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது யாரும் வாக்கெடுத்துப் போட்ட சட்டமில்லை, நான் எனக்குப் போட்டுக்கொண்டது.

வா அண்ணா. நவம்பர் பதினாலாம் தேதி சாயங்காலமே அண்ணியோடு வந்துவிடு. சௌனா நீராவிக் குளியலறை சூடாக இருக்கும். பேஸ்டி நான் சுடுவேன், நீ கிழங்கு தோல் சீவ வேண்டும். ஆரஞ்சுச் சட்டை மறக்காதே. உனக்குத் தனி மரத்தடி கிடையாது, என் பரணிலேயே இரண்டு பேர் உட்காரலாம்.

எந்தத் துப்பாக்கி என்று கேட்டிருந்தாய். எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வா. விடியும்போது கையில் ஒன்றுமில்லாமல், வாய் திறக்காமல், இன்னொருத்தர் சுடுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் ஒரு தடவை தெரியட்டும். எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

உன் தங்கை,
லெம்பி